யார் வீடோ

வாரத்துக்கு இருபத்தொரு மணி நேரம்
ஒரு குடும்பத்தின் பங்கு என்று
தகரக் கொட்டகைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது.
ரொட்டிக்கடை வேலை முடிந்து நேராக வருவேன்,
புருவத்தில் மாவு, அதன்மேல் சிமெண்ட்.
அடுப்பில் வைத்தால்
ரொட்டியாவாயா செங்கல்லாவாயா என்று
மகள் கேட்பாள்.

மொண்டேவிடியோவின் வடக்கு ஓரம்,
பேருந்து வந்து திரும்பிப் போகிற இடம்.
நகராட்சி நிலம் கொடுத்தது.
வங்கி கடன் கொடுத்தது.
பாதிச் சம்பளத்துக்கு ஒருத்தி
வரைபடம் போட்டுக் கொடுத்தாள்.
கைகளை மட்டும் யாரும் கொடுக்கவில்லை,
அவை முப்பத்திரண்டு குடும்பத்திடமும்
ஏற்கெனவே இருந்தன.

விதி ஒன்று உண்டு:
கடைசித் தளம் ஏறும்வரை
எது யாருக்கென்று யாருக்கும் தெரியாது.
பிறகு சீட்டு.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள்.
யார் வீடென்று தெரியாமல்
கட்டிப் பாருங்கள்.
தூக்குக்குண்டின் ஆட்டம் நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.
எந்த ஜன்னல் வைத்தாலும்
அதன் வழியே உங்கள் பிள்ளை எட்டிப் பார்க்கும்.
எந்தச் சமையலறையிலும்
உங்கள் கெட்டில் ஒரு கணம் கொதித்து அடங்கும்.

அதேமர் லாரி ஓட்டியவன்.
வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில்
ஓர் இயந்திரம் அவன் ரத்தத்தைக் கழுவித் தரும்.
மிச்ச நாளில் ஒரு வாளிச் சாந்தைத் தூக்கினால்
வாளியோடு அவனும் உட்கார்ந்துவிடுவான்.
ஜூன் மாதக் குளிர். கொட்டகைக் கூரையில் மழை.
மாத்தேக் குடுவை கைமாறிக்கொண்டிருந்தது.
எபேர் எழுந்தான்:
"தொண்ணூறு மணி நேரம் பாக்கி. விதி விதிதான்."
நான் எழுந்தேன்.
சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.
அவனுடைய அம்மாவை இழுத்திருக்க வேண்டாம்.

நிபியாதான் கேட்டாள்,
"ராத்திரியில் கம்பி திருடு போகிறதே,
தூக்கம் வராதவன் ஒருவன் காவல் இருந்தால்
அது மணி நேரத்தில் சேராதா?"
பதினேழுக்குப் பதினைந்து. நிறைவேறியது.
கணக்கு நோட்டும் அவன் கைக்குப் போனது.

நானும் எபேரும் இரண்டு மாதம் பேசவில்லை.
வேலைப் பட்டியலுக்குச் சண்டை தெரியுமா?
பத்தொன்பதாம் வீடு, சமையலறைச் சுவர்,
அந்த முனையில் அவன், இந்த முனையில் நான்.
நூல் தளர்ந்திருக்கிறது என்று சொல்ல
ஒரு வார்த்தை போதும்.
அவனும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
ஆறாம் வரிசையிலிருந்து ஒரு விரல் சரிவு.
பூச்சு வந்து மூடியது.

சீட்டை ஒரு கால்பந்துக் குல்லாயில் போட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு ஏழு. எபேருக்கு முப்பது.
பத்தொன்பது நிபியாவுக்கு.
எல்லாரும் கைதட்டினார்கள்,
நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் அதிகமாக.

மூன்றாம் வாரம் வந்தாள்.
"அலமாரி சுவரோடு ஒட்ட மாட்டேன் என்கிறது.
ஒரு பக்கம் கை நுழைகிறது.
அதை யார் கட்டியது, சுல்மா?"
நாங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நாம் என்று வந்தது.
பொய்யில்லை. முழுசாக உண்மையும் இல்லை.
ரசமட்டத்தில் குமிழியைப் பார்ப்பதுபோல்
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம்
முப்பதாம் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
எபேர் ஒன்றும் கேட்கவில்லை.
உளியை எடுத்தான், செருப்பை மாட்டினான்.
வழியில் அதேமர்.
எல்லாம் கட்டி முடித்த பிறகும்
அந்த நோட்டை அவன் மூடியிருக்கவில்லை.
எங்கே இந்நேரத்தில் என்றான்.
சொன்னோம்.
பென்சிலை நாக்கில் தொட்டு
எங்கள் பெயர்களுக்கு நேரே எழுதினான்:
பாக்கி, ஆளுக்கு நான்கு மணி நேரம்.